வளைவில் எடுத்த தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு, நான் கை கால் வைத்து எழுதுவது இல்லை. எனக்கும் என் தம்பிக்கும் நேராக நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, மல்லிகைப்பூ வாசனை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இது சாயங்காலம் நான்கு மணிக்கு நடந்தது. நல்ல வெளிச்சத்தில். மற்றவர்கள் எல்லாம் டீ குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்.

என் பெயர் சண்முகப்பிரியா. பழனியில் நானும் தம்பி குகனும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம். அவன் ஸ்பானர் பிடிப்பான், நான் லேப்டாப் பிடிப்பேன். டர்போ மாட்டிய கார்களுக்கு, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று லேப்டாப்பில் அளந்து அமைப்பது என் வேலை. "பொம்பளப் புள்ளைக்கு என்ஜின்ல என்னம்மா சோலி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அதைக் கேட்பதில்லை. எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். சாமி கும்பிடுவேன். பேய்க்குப் பயப்பட மாட்டேன். அதாவது, அன்றுவரை.

அம்மா, அப்பா இரண்டு பேரும் இல்லை. எனக்கு இருப்பது குகன் ஒருவன்தான். அவனைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அவனுக்கு ஒன்று என்றால் எனக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அதனால்தான் அவன் பந்தயத்தில் ஓட்டப்போகிறேன் என்று நின்றபோது, வேறு எவனிடமும் விடாமல் அவன் வண்டியை நானே அமைத்துத் தருவதாகச் சொன்னேன்.

கதைக்கு வேண்டிய அளவு மட்டும் தொழிலைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிற சாமான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். குறைந்தால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகிவிடும். அந்தச் சூட்டைத் தணிக்கப் பந்தயக் கார்களில் இன்னொரு வழி வைத்திருக்கிறோம். தண்ணீரையும் மெத்தனாலையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு டாங்கில் ஊற்றி, பம்பு வைத்து, காற்றோடு சேர்த்து உள்ளே தெளிப்போம். மெத்தனால் என்பது குடித்தால் கண்ணைப் பறிக்கிற விஷச் சாராயம். அதற்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. பகலில் அது பற்றி எரிந்தால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. புகையும் வராது. தோல் வேகும்போதுதான் தெரியும். அதனால் அதைக் கையாளும்போது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் யாரும் பேசக்கூட மாட்டோம்.

குகனின் சிவப்புக் காரில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் டாங்கை முடுக்கியிருந்தோம். அதாவது எங்கள் இரண்டு பேருடைய முதுகுக்கு நேர் பின்னால். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. அடுத்த வாரம் கோவைப் பக்கம் மலைப்பாதையில் அவனுடைய முதல் பந்தயம். மேலே ஏற ஏறக் காற்று மெலியும், அதற்குத் தகுந்தபடி பெட்ரோலும் மாற வேண்டும். அதைப் பார்க்கக் கொடைக்கானல் மலைப்பாதையைவிட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை. மழைக்காலம், வார நாள். டூரிஸ்ட் வண்டிகள் இல்லை. வரதமாநதி அணையைத் தாண்டும்போது மணி இரண்டேகால். குகன் ஓட்டினான். நான் இடப்பக்கம், மடியில் லேப்டாப்போடு.

நேரான ஏற்றம் வந்தால் "மிதி" என்பேன். மூன்றாவது கியரில் அடிவரைக்கும் மிதிப்பான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று திரையில் ஓடுகிற எண்களை நான் பார்ப்பேன். பதினொன்றரை என்று காட்டினால் பெட்ரோல் சரி. பன்னிரண்டரையைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை, உடனே காலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆறேழு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருத்தி, எண்கள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தன. அப்போதுதான் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் டாங்க் காலி.

"ஏலே, தண்ணிக் கேனை எடு."

"நீ ஏத்துனன்னு நெனச்சேன்க்கா."

"நான் ஏத்துனா நீ எதுக்குலே இருக்க?"

மெத்தனால் கேன் இருந்தது. தண்ணீர்க் கேன் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுவிட்டது. நான் திட்டத் திட்ட அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பினோம். எந்த வளைவு என்று சொல்ல மாட்டேன். கேட்டு யாரும் எனக்கு எழுதவும் வேண்டாம்.

அங்கே சாலையோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள். கடையில் விற்கிற ஒரு லிட்டர் பாட்டில்கள், எல்லாம் நிரம்ப நிரம்ப.

"மினரல் வாட்டர்க்கா! சாமியே நமக்காகத்தான் வச்சிருக்கு" என்று குகன் வண்டியை ஓரம் கட்டினான்.

நானும் இறங்கினேன். டிரைவர்கள் ரேடியேட்டருக்காக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மலைப்பாதையில் அது வழக்கம்தான். மூன்று விஷயங்கள் மட்டும் என் கண்ணில் பட்டன. அந்தக் கல்லில் மஞ்சள் இருந்தது, பூ இருந்தது. ஆனால் விளக்கு இல்லை, கற்பூரக் கறை இல்லை, ஊதுபத்திக் குச்சிகூட இல்லை. இரண்டாவது, எல்லா பாட்டில்களும் மூடி இல்லாமல் திறந்தே இருந்தன. மூன்றாவது... பாட்டில்கள் சூடாக இருந்தன.

"வெயில்ல கெடந்திருக்கும்" என்றான் குகன்.

மூன்று நாளாக அந்த மலையில் வெயிலே அடிக்கவில்லை. அதை நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, வேலை முடிய வேண்டும் என்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அவன் எட்டு பாட்டில்களை இரண்டிரண்டாகக் கொண்டு வந்தான். ஒன்றைத் தான் குடிப்பதற்கென்று டிரைவர் கதவின் பையில் செருகிக்கொண்டான். டாங்கில் மெத்தனாலை விட்டு, மேலே மூன்று பாட்டில் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினேன். மீதியைப் பின்னால் தரையில் நிறுத்தினோம். மூடி இல்லாத பாட்டில்கள் ஆயிற்றே, சிந்தாமல் இருக்க ஒரு பழைய துணியைச் சுற்றி வைத்தோம்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு "மிதி" என்றேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. பதினொன்றரை என்றால் பதினொன்றரை. எண் அசையவே இல்லை. வண்டி பட்டுச்சேலை நழுவுகிற மாதிரி மேலே ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முடிஞ்சிருச்சுலே குகா" என்று அவன் தோளில் தட்டினேன்.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுபடியும் காலி. ஆறு ஓட்டத்துக்கு வர வேண்டிய தண்ணீர் ஒரே ஓட்டத்தில் தீர்ந்திருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். குழாயில் கசிவு இல்லை. தரை காய்ந்து கிடந்தது. மூடி நான் இறுக்கியபடியே இருந்தது. டாங்குக்குள் விரலைவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை. மெத்தனால் வாசனையும் இல்லை. துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"பம்பு தாறுமாறா அடிக்குது. வேற என்ன?" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

குகன் சிரிக்கவில்லை. பின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா... எதோ தீயுற வாசம் வரல?"

முகர்ந்தேன். வந்தது. வயர் தீய்கிற வாசனை இல்லை. அடுப்பில் கோழியை வாட்டும்போது வருமே, இறகு கருகுகிற வாசனை... அது.

வயரை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. "இன்னும் ஒரு ஓட்டம்தான். பார்த்துட்டு எறங்கிருவோம்" என்றேன். மீதி நான்கு பாட்டில்களையும் டாங்கில் கவிழ்த்து, மெத்தனாலைச் சேர்த்து, மூடியை இரண்டு கையாலும் இறுக்கினேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டோம்.

மூன்று ஐம்பத்தெட்டு.

"மிதி."

மிதித்தான்.

டர்போ சீறியது. மூடுபனி கண்ணாடியில் வந்து மோதியது. எண் பதினொன்றரை. நின்றது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கிர்ர்...

முதுகுக்குப் பின்னால். பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் உரசுகிற சத்தம்.

கிர்ர்... கிர்ர்...

தொழில் செய்கிறவளுக்கு எது எந்தச் சத்தம் என்று தெரியாதா? டாங்க் மூடி கழல்கிறது. ஆட்டத்தில் தளர்கிறது என்று நினைத்து, திரும்பாமலே வலது கையைப் பின்னால் நீட்டி மூடியை அழுத்திப் பிடித்தேன்.

என் உள்ளங்கைக்குக் கீழே அது திரும்பியது.

நான் இறுக்கினேன். அது திறந்தது. மறுபடி இறுக்கினேன். மறுபடி திறந்தது. யாரோ, விரல்கள் சரியாக வேலை செய்யாத யாரோ, பொறுமை இழந்து திருகுகிற மாதிரி.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பிடரியில் சூடான காற்று பட்டது. விட்டு விட்டுப் பட்டது.

மூச்சு.

சிவப்பு விளக்கு எரிந்தது. எண் பன்னிரண்டு. பன்னிரண்டரை. பதின்மூன்று.

"காலை எடு!"

"எடுத்துட்டேன்க்கா!"

அவன் காலைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் மேல் கால் இல்லை. பெடல் தானாக மேலே எழும்பி நின்றது. ஆனால் வண்டி இழுத்தது.

லேப்டாப்பில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் என்ஜினுக்குப் பெட்ரோல் மொத்தமாக நிற்கும். அழுத்தினேன். திரையில் பெட்ரோல் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம். பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் நான்கும் மூடியிருந்தன.

வண்டி இழுத்தது.

வேகம் கூடியது.

"பிரேக்குலே!"

"மிதிக்கேன்... கல்லு மாதிரி கெடக்குக்கா..."

"கியரைத் தள்ளு!"

அவன் இடது கை கியர் மேல் இருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை அடித்துச் சொல்கிறேன்.

சட்டைக் கை பழுப்பானது. கறுத்தது. பிறகு அங்கே சட்டை இல்லை.

தோலில் விரல் விரலாகப் பள்ளம் விழுந்தது. இந்தப் பக்கம் நான்கு. அந்தப் பக்கம் ஒன்று.

பள்ளங்கள் அழுந்தின.

குகன் அலறினான். மனுஷன் அலறுகிற மாதிரி இல்லை. தோல் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, அந்தப் பிடி அப்படியே மேலே நகர்ந்தது. முழங்கை. புஜம். நகர்ந்த இடமெல்லாம் வெந்தது. நெருப்பு மட்டும் எங்கேயும் இல்லை.

நெருப்பே தெரியவில்லை.

வளைவு வந்தது. அவனால் திருப்ப முடியவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து மலைப் பக்கமாக இழுத்தேன். பள்ளத்தாக்கில் விழுவதைவிடப் பாறையில் மோதுவது மேல் என்று தோன்றியது. அவ்வளவுதான் யோசித்தேன்.

டமார்!

என் தலை கண்ணாடியில் அடித்தது. வலது கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வண்டி சாக்கடையில் மூக்கைக் குத்தி நின்றது. என்ஜின் நிற்கவில்லை. சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தன.

அப்பாடா, நின்றுவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன்.

டம்.

குகனின் முகம் ஸ்டியரிங்கில் மோதியது.

டம்.

மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

டம்.

அவனாக மோதவில்லை. பின்மண்டையில் அவன் முடி கொத்தாக மேலே எழும்பி நின்றது. யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி. பிடித்த முடி பொசுங்கிக்கொண்டிருந்தது.

"விடுலே! அவனை விடு!"

பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவன் தலைக்குப் பின்னால் வெறும் காற்றில் குத்தினேன். லேப்டாப்பால் அடித்தேன். எதன் மேலோ பட்டது. மெத்தென்று பட்டது. லேப்டாப்பின் ஓரம் உருகிப் பிசுபிசுத்தது.

காலடியில் தீயணைப்பான் இருந்தது. அதன் பூட்டு ஊசியை இழுத்தேன். அழுத்தினேன்.

உஸ்ஸ்ஸ்...

வெள்ளைப் பொடி கார் முழுக்கப் பரவியது. குகன் மேல் படிந்தது. டாங்க் மேல் படிந்தது.

நடுவில் ஒன்றின் மேலும் படிந்தது.

தோள். குனிந்த முதுகு. விலா எலும்பு வரிசை. என் தம்பியின் தலையைப் பிடித்திருந்த கை.

அது என் பக்கம் திரும்பியது.

முகத்தில் பொடி ஒட்டிய இடங்கள் இருந்தன. ஒட்டாத இடம் ஒன்று இருந்தது. வாய். திறந்தே இருந்தது.

"தண்ணி..."

குகனின் தொண்டையிலிருந்து வந்தது. குகனின் குரல் இல்லை.

"தண்ணி... தண்ணி..."

அவன் கண் மேலே செருகியது. உதடு வெடித்தது. தம்பி செத்துக்கொண்டிருந்தான். என் கண்ணுக்கு முன்னால், என் மடிக்குப் பக்கத்தில்.

கதவுப் பை.

அவன் குடிக்க வைத்த பாட்டில்.

அவன் மேல் கவிழ்ந்து எட்டிப் பிடித்தேன். பாதி சிந்தியிருந்தது. பாதி இருந்தது. அந்தக் கறுப்புக் குழிக்கு நேராக நீட்டினேன்.

"குடி. குடிச்சிட்டு அவனை விட்டுரு."

பாட்டிலைச் சாய்த்தேன்.

தண்ணீர் விழுந்தது. கீழே விழவில்லை.

மடக்...

மடக்... மடக்...

என் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில், எதுவும் இல்லாத இடத்தில், தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு சீட்டில் படவில்லை. கடைசிச் சொட்டு போனது. பாட்டில் என் கையிலேயே சுருங்கியது.

என்ஜின் நின்றது.

பொடி மொத்தமும் பொத்தென்று கீழே விழுந்தது.

மூடுபனி மட்டும் இருந்தது. எங்கேயோ ஒரு பறவை கத்தியது. குகன் மூச்சு விட்டான். இழுத்து இழுத்து விட்டான். விட்டான், அது போதும் எனக்கு. அவனை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் கேட்கிற மாதிரி ஓவென்று அழுதேன். மணி நான்கு பன்னிரண்டு என்று என் கைக்கடிகாரம் காட்டியது.

மேலேயிருந்து பூண்டு ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் திருமலைச்சாமி, மலைமேல் பள்ளங்கி ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். இறங்கி ஓடி வந்தவர், காருக்குள் உருண்டு கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தண்ணிய எடுத்தீங்களா?"

நான் தலையாட்டினேன்.

அவர் பூண்டு மூட்டைகளைச் சாலையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, குகனைத் தூக்கிக் கிடத்தி, பழனிக்கு ஓட்டினார். அந்தக் கல் இருந்த வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தினார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி, கல்லுக்கு நாலடி தள்ளித் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்து ஏறினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இரண்டு மாதம் இருந்தோம். மெத்தனால் கசிந்து பற்றியிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். கேட்ட மெக்கானிக்குகளும் அதையேதான் சொன்னார்கள். மூடுபனி, அடிபட்ட மண்டை, பயம், அதனால் நீ என்னென்னமோ பார்த்திருக்கிறாய் என்றார்கள். இருக்கட்டும். பெட்ரோலும் இல்லாமல், டாங்கில் மெத்தனாலும் இல்லாமல் என் வண்டி எதைக் குடித்துவிட்டு அந்த ஏற்றம் ஏறியது என்று கேட்டேன்.

குகன் பிழைத்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. மூக்கு கோணிவிட்டது. அதெல்லாம் பெரிதில்லை. உயிர் இருக்கிறது. அவனிடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டான். தாகத்தில் நாக்கு ஒட்டினாலும் நர்ஸ் வரட்டும் என்று காத்திருப்பான். நான் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துக் குடிப்பான். கையில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தக் கல்லில் கைவைக்க விட்டது நான்தானே, அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ராத்திரி அதற்காக அழுதிருக்கிறேன்.

தை மாதம் திருமலைச்சாமிக்கு நன்றி சொல்லப் பள்ளங்கிக்குப் போனேன். வீட்டு வாசலில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி வீரம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குகன் நடமாடுகிறான் என்றதும் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தக் கல்லு யாருக்குங்க?"

அவர் பூண்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சின்னக்கருப்பன் என்று ஒரு டிரைவர் இருந்தான். மேல் ஊர்களில் பெட்ரோல் பங்கு கிடையாது என்பதால், கீழேயிருந்து கேன் கேனாகப் பெட்ரோல் ஏற்றி வந்து விற்பான். அந்த வளைவில் ஜீப் கவிழ்ந்து பற்றிக்கொண்டது.

"எரிஞ்சுக்கிட்டே எந்திரிச்சு வந்தான். தண்ணி தண்ணின்னு கத்துனான். அங்கன பத்துப் பேரு நின்னோம். ஒருத்தனும் கிட்டப் போகல. பெட்ரோலுல்ல?"

"யாருமே குடுக்கலையா?"

அவர் கை நின்றது.

"எங்க அண்ணன் குடுத்தாரு. மனசு கேக்கல அவருக்கு. பாட்டிலைத் தொறந்து, வாய்க்கு நேரா கையால நீட்டுனாரு. அவன் குடிச்சான். முழுசாக் குடிச்சான். குடிச்சிட்டு, குடுத்த கையப் பிடிச்சுக்கிட்டான்."

நான் காலியான காப்பித் தம்ளரைப் பிடித்தபடி அவரையே பார்த்தேன்.

"விடலங்க. நாங்க கம்பால அடிச்சோம், இழுத்தோம். விடல. ரெண்டு பேரும் சேந்தே எரிஞ்சாங்க. பொறவு பிரிச்செடுக்கப் பார்த்தோம்... முடியல. சதையோட சதை ஒட்டிக் கெடந்துச்சு. ஒரே குழிலதான் வச்சோம். அதுலருந்துதான் தண்ணிய தூர வச்சிட்டு வந்துருவோம். கையால மட்டும் யாரும் குடுக்க மாட்டோம்."

பிறகு அவர் தலை நிமிர்ந்தார்.

"ஆமா... அன்னைக்குத் தம்பிய அவன் எப்படி விட்டான்? நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். காலி தம்ளரை வாங்கக் கை நீட்டியபடி நின்றிருந்த வீரம்மாள், கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கீழ வச்சிருங்கம்மா" என்றார்.

பழனிக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் போனதும் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு குகன் முன்னால் போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நீட்டினேன். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"சொல்லுலே. ஏன் வாங்க மாட்டேங்குற?"

"வேணாம்க்கா."

"சொல்லுலே!"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரைப் பிடித்திருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"நீ நீட்டும்போது உன் கை மட்டும் வரலக்கா... கருகுன கை ஒண்ணு அதப் பிடிச்சிக்கிட்டே வருது."

"இப்பவுமா?"

தலையாட்டினான்.